ஒரே பெடல், இரண்டு அறைகள்

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உலோகப் பெட்டி. ஒரு பக்கம் கிட்டாரின் வயர், மறுபக்கம் ஹெட்ஃபோன். அறுபதுகளில் செய்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், அதன் ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திய மைக் ஆகிய மூன்றையும் உள்ளிருக்கும் சில்லு கணக்காகப் போட்டுக் காட்டுகிறது. ஆம்ப் பெடல் என்று கிட்டார்க்காரர்கள் சொல்லும் இந்தக் கருவியை வாங்குகிற பலருக்கும் ஒரே மாதிரியான ஏமாற்றம் நேர்கிறது. இரவில் வீட்டில் உட்கார்ந்து திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கீழ்ச்சுரங்கள் கனத்தும் மேல்சுரங்கள் பளபளத்தும் ஒலிக்கும்படி ஒரு தொனியை அமைக்கிறார்கள். வார இறுதியில் அதே அமைப்போடு ஒத்திகைக்குப் போகிறார்கள். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அந்தத் தொனி காணாமல் போகிறது. சத்தத்தைக் கூட்டினால் காதைக் குத்துகிறது, குறைத்தால் இருக்கும் இடமே தெரியவில்லை. கணினி எந்நாளும் வால்வு ஆகாது என்ற தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பிழையானது என்பது என் வாதம். வீட்டிலும் ஒத்திகையிலும் பெடல் செய்கிற கணக்கு ஒன்றுதான். பெடலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர், கூட ஒலிக்கும் கருவிகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காது ஆகிய மூன்றும்தான் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இவற்றைக் கணக்கில் எடுக்காமல் பெடலைச் சோதித்தால், சோதிப்பது வேறு எதையோதான்.

முதலில் அந்தப் பழைய பெட்டி என்ன செய்தது என்று பார்ப்போம். கிட்டாரின் பிக்அப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதைப் பெருக்கும் வேலையை 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன வால்வுகள் தொடங்கி வைக்கின்றன. ஸ்பீக்கரைத் தள்ளும் ஆற்றலை இஎல்34, இஎல்84, 6எல்6 போன்ற பெரிய வால்வுகள் தருகின்றன. எந்த வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கும்போது அலையின் உச்சி மெல்ல மழுங்குகிறது. உச்சி மழுங்கிய அலையைப் பிரித்துப் பார்த்தால், பழைய அலையோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்கள் கூடியிருக்கும். 200 ஹெர்ட்ஸ் அலை ஒன்று உள்ளே போனால் 400, 600, 800 ஹெர்ட்ஸ் அலைகளும் சேர்ந்து வெளியே வருகின்றன. டிஸ்டார்ஷன் என்று பெயர் பெற்ற இந்தச் சிதைவுதான் ராக் கிட்டாரின் குரல். தம்புராவை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமானதல்ல. வளைந்த குதிரையின் மேல் ஜீவாளி நூல் வைத்ததும் தம்புராக் கம்பி குதிரையைத் தொட்டுத் தொட்டுப் பிரிய, மேற்சுரங்கள் பொலபொலவென்று எழுகின்றன. மீட்டிய இடத்தை வைத்துப் பார்த்தால் எழவே கூடாத மேற்சுரங்களும் அதில் எழுவதை சி. வி. ராமன் 1921இல் விளக்கினார். கருவிகள் வேறு, அடிப்படை ஒன்று: உள்ளே போவதற்கு நேர்விகிதத்தில் வெளியே தராத அமைப்பு எதுவானாலும் புதிய அதிர்வெண்களைப் படைக்கும்.

வால்வு தவிர இன்னும் இருக்கிறது. பலமாக ஒரு கார்டு அடித்தால் பெரிய வால்வுகள் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும். மின்வழங்கியின் அழுத்தம் நொடியில் சிறு பங்குக்குத் தணிந்து மீளும். ஒலி ஒருகணம் அமுங்கி எழுவதாக வாசிப்பவருக்குத் தோன்றும். இத்தனைக்கும் பிறகு ஸ்பீக்கர் வருகிறது. அதன் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. லண்டனில் டிரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவரிடம் வேலை பார்த்த கென் பிரானும் அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது, அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் சுற்றையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். பேஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் திறந்த பெட்டியில் இருந்தன. மார்ஷல் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களை மூடிய பெட்டியில் அடைத்தார். ஏறக்குறைய ஒரே சுற்று, இரண்டு வேறு குரல்கள். உதிரிப் பாகங்களின் வேறுபாடும் இதில் சேரும் என்றாலும், பெட்டியும் ஸ்பீக்கரும் செய்த மாற்றம் பெரிது. பெடலைப் பற்றிய இன்றைய சர்ச்சைக்கு விடை இந்தப் பழைய கதையிலேயே பாதி கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய வால்வுகளும் மழுங்க வேண்டுமானால் ஆம்ப் முழு ஆற்றலில் ஓடியாக வேண்டும். ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் சின்ன ஆம்ப் என்றே பெயர் வாங்கியது. 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கக்கூடியவை. 22 வாட் கொடுத்தால் 110 டெசிபலைத் தொட்டுவிடும். வாட்டைக் குறைத்துத் தப்பிக்கலாம் என்றால் அதுவும் எளிதில்லை. காதும் டெசிபலும் மடக்கை அளவில் இயங்குவதால், 100 வாட்டை 1 வாட்டாகக் குறைத்தாலும் 20 டெசிபல்தான் இறங்கும். 10 டெசிபல் இறங்கினால் சத்தம் பாதியாகத் தோன்றும் என்ற பொதுக் கணக்கின்படி அது நான்கில் ஒரு பங்குதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பத்து மணிக்கு அதுவும் தாங்காது. சத்தத்திலிருந்து தொனியைப் பிரித்தெடுக்கும் ஆசை இப்படித்தான் பிறந்தது.

கணினிக்கு முன்பே அந்த ஆசை நிறைவேறத் தொடங்கிவிட்டது. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1982இல் கொண்டுவந்த ராக்மேன், இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்கும் பெட்டி. 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப், வால்வே இல்லாமல் டிரான்சிஸ்டர் சுற்றுகளால் வால்வு ஆம்பைப் போல ஒலித்தது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட், அவரைவிதை வடிவத்தில் சிவப்பாக வந்து, எண்முறைக் கணக்கைச் சாதாரண வாசிப்பவரின் மேசைக்குக் கொண்டுசேர்த்தது. இன்றைய பெடல்களுக்குள் இரண்டு வழிகள் ஓடுகின்றன. ஒன்று, சுற்றின் ஒவ்வொரு பாகத்தையும் சமன்பாடாக எழுதி, அவற்றை நொடிக்கு 48,000 முறை தீர்ப்பது. இரண்டாவது, சுற்றைத் திறந்தே பார்க்காமல், உள்ளே அனுப்பிய ஒலியையும் வெளியே வந்த ஒலியையும் ஒரு நரம்பியல் வலையிடம் கொடுத்து, இடையில் நடந்ததைக் கற்றுக்கொள்ளச் செய்வது.

கேட்க எளிதாக இருந்தாலும் முதல் வழியில் ஒரு பொறி உண்டு. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் அமைப்பால் 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்ட முடியும். சிதைவோ அதற்கு மேலும் மேற்சுரங்களைப் படைத்துக்கொண்டே போகும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒன்பதாம் மடங்கு 45,000 ஹெர்ட்ஸ். அது எல்லைச் சுவரில் மோதித் திரும்பி 3,000 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். வாசித்த சுரத்தோடு ஒட்டாத அந்த ஒலிதான் பழைய எண்முறைப் பெட்டிகளில் கேட்ட கண்ணாடிக் கீறல் போன்ற கரகரப்புக்கு ஒரு முக்கியக் காரணம். இப்போதைய சில்லுகள் மாதிரி எடுக்கும் வேகத்தை உள்ளுக்குள் பல மடங்கு உயர்த்திக் கணக்குப் போட்டு, வடிகட்டி, பிறகு வெளியே தருகின்றன. எண்முறை என்றாலே ஆகாது என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தின் பெரும்பகுதி இப்போது தீர்ந்துவிட்டது.

இரண்டாம் வழியின் திறனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2020இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, நரம்பியல் வலையைப் பயிற்றுவிக்க மூன்று நிமிட ஒலிப்பதிவே போதுமானதாக இருந்தது. இரண்டு வால்வு ஆம்ப்களை அவர்கள் இப்படிப் பிரதி எடுத்து, மனிதர்களைக் கேட்கச் செய்தார்கள். முதல் ஆம்பில் அசலையும் பிரதியையும் வேறுபடுத்த முடிந்தது. ஆனாலும் சிறந்த பிரதிகளின் தரம் மிக உயர்ந்தது என்றே மதிப்பிட்டார்கள். இரண்டாவதில், பெரிய வலைகளைக் கொண்டு செய்த பிரதிக்கும் அசலுக்கும் பலருக்கு வேறுபாடே தெரியவில்லை. சுற்றைப் பிரதியெடுப்பது ஏறத்தாழ முடிந்துவிட்ட வேலை என்று சொல்ல எனக்கு இது போதும். அப்படியானால் ஒத்திகையில் காணாமல் போவது எது?

விடை ஸ்பீக்கரில் தொடங்குகிறது. கிட்டார் ஸ்பீக்கர் நம் வீட்டு ஸ்டீரியோ போல எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றாக நடத்துவதில்லை. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாக விழுந்துவிடும். அந்த வீழ்ச்சி இல்லாவிட்டால் சிதைந்த கிட்டாரின் ஒலி டப்பாவுக்குள் அடைபட்ட வண்டின் ரீங்காரம்தான். பெடல் இந்த வேலையை ஐஆர் என்ற சிறு கோப்பைக் கொண்டு செய்கிறது. கோயில் மண்டபத்தில் ஒருமுறை கைதட்டினால் அந்த மண்டபத்தின் கார்வை முழுவதும் காதில் விழும் அல்லவா, அதுபோல ஸ்பீக்கரை ஒரே ஒரு கணத் துடிப்பால் தட்டினால் எப்படி ஒலித்து அடங்குமோ அதன் பதிவு இது. 2,048 மாதிரிகள், 43 மில்லி நொடி. கிட்டாரின் ஒவ்வொரு மாதிரியையும் இந்த 2,048 எண்களோடு நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால் நொடிக்குச் சுமார் 10 கோடிப் பெருக்கல்கள் ஆகும். இந்தக் கோப்பை எடுத்தது ஒரு மைக் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். அந்த மைக் பெரும்பாலும் ஸ்பீக்கர் துணியிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, கூம்பின் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்தபடி நின்றிருந்தது. எந்த மனிதரும் அந்த இடத்தில் காதை வைத்து ஆம்பைக் கேட்டதில்லை. ஆகவே பெடல் தருவது ஆம்பின் ஒலியை அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் வழியாகப் பதிவான ஆம்பின் ஒலியை. ஹெட்ஃபோனில் அது அவ்வளவு நிறைவாக இருப்பதும் அதனால்தான். நாம் இசைத்தட்டுகளில் கேட்டு வளர்ந்த கிட்டார் ஒலி அதுவே.

இனி வீடு. ஹெட்ஃபோனில் மெல்லக் கேட்கும்போது காது எல்லா அதிர்வெண்களையும் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெச்சரும் வில்டன் மன்சனும் 1933இலேயே இதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு சத்தமாகத் தோன்றுமோ அவ்வளவு சத்தமாக 100 ஹெர்ட்ஸ் ஒலியும் தோன்ற வேண்டுமானால் அதற்கு 20 டெசிபலுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 80 டெசிபல் மட்டத்தில் அந்தக் கூடுதல் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. சத்தம் குறையும்போது கீழ்ச்சுரங்கள் நடுச்சுரங்களைவிட வேகமாகக் கரைகின்றன என்பதே இதன் பொருள். மிக மேலே இருக்கும் அதிர்வெண்களுக்கும் ஓரளவு இதே கதிதான். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அறியாமலேயே இந்தக் குறையை நிரப்புகிறார். பேஸைக் கூட்டுகிறார், டிரெபிளைக் கூட்டுகிறார், கனைப்பாகத் தோன்றும் நடுப்பகுதியைக் குறைக்கிறார். அந்தச் சத்தத்துக்கு அது சரியான அமைப்பு. 100 டெசிபலில் அதே அமைப்பு கும்மென்று குமுறிக்கொண்டே காதையும் கீறும், ஏனென்றால் நிரப்பப்பட்ட குறை அங்கே பெரும்பாலும் இல்லை.

ஒத்திகை அறையில் இதைவிடக் கடுமையான ஒன்று காத்திருக்கிறது. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். வீட்டில் கனமாகத் தோன்றிய கீழ்ப்பகுதி இங்கே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஏற்கெனவே குடியிருக்கும் இடம். மேலே சிம்பல்கள் பரந்து கிடக்கின்றன. ஒரு ஒலி இன்னொன்றை எப்படி மூடிமறைக்கிறது என்பதை வேகல், லேன் என்ற ஆய்வாளர்கள் 1924இல் அளந்தபோது, கீழ் அதிர்வெண்கள் தமக்கு மேலுள்ளவற்றை எளிதில் மூடும், மேலுள்ளவை கீழுள்ளவற்றை அவ்வளவாக மூடா என்று கண்டார்கள். பலத்த பேஸ் ஒலி மேல்நோக்கிப் பரவிக் கிட்டாரின் கீழ்ப்பாதியை விழுங்கிவிடும். கிட்டார் தன் குரலாக நிறுத்திக்கொள்ளக்கூடிய இடம் சுமார் 500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. வீட்டில் குறைத்துவிட்டு வந்த நடுப்பகுதி அதுதான். தொனி காணாமல் போவதில் மாயம் ஏதுமில்லை. இருக்க வேண்டிய இடத்தைத் தன் கையாலேயே காலி செய்துவிட்டு, இடமில்லாத இரண்டு ஓரங்களில் கூட்டி வைத்திருக்கிறார் வாசிப்பவர்.

கடைசி ஸ்பீக்கர் இன்னொரு குழப்பம். ஒத்திகைக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு கிட்டார் ஆம்ப் இருந்தால் பெடலை அதன் முகப்பில் செருகிவிடுவது வழக்கம். அப்போது பெடலின் ஐஆர் ஒருமுறையும் அந்த ஆம்பின் உண்மையான ஸ்பீக்கர் மறுமுறையும் மேல்பகுதியை வெட்டுகின்றன. ஒலி கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல ஆகிறது. இதையே பெடலின் இயல்பு என்று நம்புகிறவர்கள் உண்டு. ஐஆரை அணைத்துவிட்டு, ஆம்பின் பின்பக்கம் ரிட்டர்ன் துளை இருந்தால் அதில் செருகினால் பெரும்பகுதி தீரும். மாறாகப் பாடகருக்கான மேடை ஸ்பீக்கரில் செருகினால் ஐஆர் கட்டாயம் வேண்டும். அங்கே வேறொரு வேறுபாடு தெரியும். 12 அங்குலக் கூம்பு சுமார் 30 சென்டிமீட்டர் அகலம். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 11 சென்டிமீட்டர்தான். அலைநீளத்தைவிடப் பெரிய கூம்பு அந்த ஒலியை டார்ச் வெளிச்சம்போல நேராக வீசும், பக்கவாட்டில் பரப்பாது. தரையில் இருக்கும் ஆம்பின் அருகே நின்று வாசிப்பவரின் காதுக்குக் கூர்மை குறைந்த ஒலியே எட்டுகிறது, அந்த மென்மையையே அவர் ஆம்பின் தொனியாகப் பழகியிருக்கிறார். மேடை ஸ்பீக்கரில் தனியாக ஒரு ட்வீட்டர் உண்டு. கூம்புக்கு எதிரே நின்ற மைக் பிடித்த கூர்மையை அது அறையெங்கும் பரப்புகிறது. குத்துகிறது என்ற புகார் உண்மை. ஆனால் குற்றம் வால்வைப் பிரதியெடுத்த கணக்கில் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று. ஒலி ஒன்றாகவே இருந்தாலும் கைக்குக் கிடைக்கும் உணர்வு வேறு என்கிறார்கள் நீண்ட காலம் வால்வு ஆம்பில் வாசித்தவர்கள். இதை வெறும் பிரமை என்று தள்ளுவது தவறு என்றே நினைக்கிறேன். ஆல்டோ சோதனையில் இருந்தவர்கள் பதிவான ஒலியைக் கேட்டவர்கள், வாசித்தவர்கள் அல்லர். வாசிப்பவர் ஒரு வட்டத்துக்குள் இருக்கிறார்: விரல் கம்பியை அசைக்கிறது, ஆம்ப் ஒலிக்கிறது, காது கேட்டு விரலைத் திருத்துகிறது. சத்தம் பெரிதானால் இன்னொரு வட்டமும் சேர்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றதிர்வு கிட்டாரின் மரத்தையும் கம்பியையும் மறுபடி அசைக்கிறது. சுரம் அடங்காமல் நீள்வதும், சில வேளை மேற்சுரமாகப் பூத்து எழுவதும் அதனால்தான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதையே தனி வாத்தியம்போல வாசித்தார். ஹெட்ஃபோனில் இந்த இரண்டாவது வட்டம் அறுந்துவிடுகிறது. எவ்வளவு துல்லியமான கணக்கும் அதைத் திருப்பித் தர முடியாது, ஏனென்றால் அது ஆம்புக்குள் நடப்பதல்ல, அறையில் நடப்பது. அதே பெடலை உரத்த ஸ்பீக்கரில் கொடுத்து எதிரே நின்றால் கம்பி மறுபடி பாடத் தொடங்கும். உணர்வைப் பற்றிய வாதம் வால்வின் பக்கம் இருப்பதாகத் தோன்றினாலும், அதில் பெரும்பங்கு சத்தத்தின் பக்கம்தான் இருக்கிறது.

தாமதத்தைப் பற்றிய அச்சமும் உண்டு. ஒலியை எண்ணாக்கி, கணக்கிட்டு, மீண்டும் ஒலியாக்க இத்தகைய பெடல்களுக்குச் சில மில்லி நொடிகள் ஆகின்றன. காற்றில் ஒலி 3 மில்லி நொடியில் ஒரு மீட்டர் போகும். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் 9 மில்லி நொடித் தாமதத்தோடு நிம்மதியாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். கம்பியில்லா இணைப்பு, மேடை மிக்ஸர் என்று எண்முறைக் கருவிகளை அடுக்கிக்கொண்டே போனால் தாமதங்கள் கூடித் தொந்தரவாகலாம். பெடல் ஒன்றால் மட்டும் அது நேர்வதில்லை.

இவ்வளவு இருந்தும் பெடல் முழு வெற்றி பெற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஐஆர் என்பது நேர்விகித அமைப்புகளை மட்டுமே விவரிக்கும். முழு ஆற்றலில் ஸ்பீக்கர்க் கூம்பே திணறிச் சிதையும் நிலை அதற்குள் வராது. நரம்பியல் வலையால் எடுத்த பிரதி பல நேரம் திருகுகள் ஓரிடத்தில் நின்ற நிலையின் பிரதி. உண்மை ஆம்பில் திருகைத் திருப்பினால் சுற்றின் உள்ளே நடக்கும் இழுபறி, அந்தப் பிரதியின் திருகைத் திருப்பும்போது நடப்பதில்லை. இவை மெய்யான குறைகள். ஆனால் ஒத்திகையில் தொனி தொலைந்ததற்கு இவை காரணமல்ல, அதை இவற்றின் மேல் சுமத்துவது அநியாயம்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் முதலில் சத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது சத்தம் என்று சொல்லாது, நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். உரத்த ஆம்பையும் மெல்லிய பெடலையும் ஒப்பிட்டுச் சொன்ன தீர்ப்புகளுக்கு மதிப்பில்லை. இரண்டாவதாக, ஒத்திகைக்கான அமைப்பை ஒத்திகைச் சத்தத்தில், பேஸும் டிரம்ஸும் வாசிக்கும்போதே செய்ய வேண்டும். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, நடுப்பகுதியை உயர்த்தி, டிஸ்டார்ஷனைக் குறைத்து அமைத்த அந்தத் தொனி வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். குழுவோடு சேர்ந்தால்தான் அது முழுமையாகும். வீட்டுக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைக்கப் பல பெடல்களில் வசதி உண்டு. அந்த வசதி பழைய வால்வு ஆம்ப்களில் இருந்ததில்லை.

மூன்றாவது, செவியின் நலன். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியாஷ், நாளொன்றுக்கு 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஒத்திகைகள் அதைத் தாண்டி நீள்கின்றன, எனவே காதடைப்பான் தேவை. மலிவான பஞ்சு அடைப்பான்கள் மேல் அதிர்வெண்களை அதிகமாகவும் கீழ் அதிர்வெண்களைக் குறைவாகவும் தடுக்கின்றன. அவற்றை மாட்டிக்கொண்டு டிரெபிள் திருகைத் திருப்புகிறவர், தனக்கு மங்கியதை ஈடுகட்ட மற்றவர்கள் காதில் ஈட்டி பாய்ச்சிவிடுவார். எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான் கிடைக்காதவரை, தொனியை அமைக்கும் ஓரிரு நிமிடங்களுக்கு மட்டும் பஞ்சைக் கழற்றிக் கேட்டு, திருகுகளை நிறுத்திவிட்டு, மறுபடி அடைத்துக்கொள்ள வேண்டும்.